இடது கைத் துப்பாக்கியும் போல்ட் பாயும்

வளைகுடா நாடுகள் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், வந்த வாடிக்கையாளரிடம் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வருடம் துப்பாக்கி விற்றவர் எங்கள் போல்ட் பாய் ஒருவராகத்தான் இருப்பார். எழுதிய பிறகு, இது கொஞ்சம் அதிகமோ என்று யோசித்தேன். குவைத்திலோ மஸ்கட்டிலோ இன்னொருவர் இருக்கலாம். இருந்தால் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

துபாயில் வேட்டைச் சாமான்கள் விற்கும் கடை அது. வீடு பர் துபாயில். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சரக்குக்குக் கணினியில் ஆர்டர் போடுவதும், வாங்க வருகிறவர்களின் அனுமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. துப்பாக்கி வாங்க வருவது எல்லாம் உள்நாட்டுக்காரர்கள்தான். முறையான அனுமதியோடு வந்து வாங்கி, வெளிநாட்டு மலைகளுக்கு வேட்டைக்குப் போவார்கள். நான் கோவில்பட்டியில் பி.காம். படித்தவள். எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுடுவது.

பாய்க்குச் சொந்த ஊர் கீழக்கரை. அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அந்தக் கடையில் விற்ற வேட்டைத் துப்பாக்கிகளில், ஒரு தோட்டா சுட்டதும் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா ஏறும். அந்தக் கைப்பிடியுள்ள பாகத்துக்கு போல்ட் என்று பெயர். பாய் ஒற்றை விரலால் அதைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, 'சளக்' என்று இழுத்து, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் பிடித்தால்தான் விற்பார்.

வாடிக்கையாளரிடம் அவர் கேட்கும் கேள்விகளைப் பெண் பார்க்க வந்த மாமியார்கூடக் கேட்க மாட்டார். எங்கே போகிறீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள், யார் தூக்கி வருவார்கள், தோளில் வலி உண்டா? எல்லாம் அரபியில் நடக்கும். எனக்குப் பாதிதான் புரியும். ஆள் போன பிறகு மொத்தத்தையும் தமிழில் எனக்கு நடித்துக் காட்டுவார்.

"ஆனை சுடுற துப்பாக்கிதான் வேணுமாம் தங்கச்சி. எதைச் சுடப் போறீங்கன்னு கேட்டேன். மலை ஆடாம். இதால ஆட்டைச் சுட்டா கொம்பு மட்டுந்தான் மிஞ்சும், கொம்பைப் போட்டா பிரியாணி ஆக்குவீங்கன்னு கேட்டுட்டேன்."

"வாங்கினாரா பாய்?"

"அதுல பாதி விலையில ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு."

கையில் கொஞ்சமாகப் பணம் வைத்திருப்பவர் வந்தால் பாய்க்குக் கொண்டாட்டம். ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டுவார். இரண்டு விரல் துப்பாக்கிக்கு. இரண்டு விரல், குறி பார்க்கும் ஸ்கோப்புக்கு. சுண்டு விரல், பழகுவதற்கான தோட்டாவுக்கு. "அஞ்சு விரலையும் துப்பாக்கிக்கே குடுத்துட்டீங்கன்னா, அப்புறம் அதைத் தோள்ல சாத்திக்கிட்டு போட்டோதான் எடுக்கணும்." கண்ணாடிப் பெட்டிக்குள் பூ வேலைப்பாட்டோடு நிற்கும் வால்நட் மரக்கட்டைத் துப்பாக்கியை யாராவது ஏக்கமாகப் பார்த்தால், "அது சீதனத்துக்குக் குடுக்கிறது. மலையில கீறல் விழுந்தா நீங்க அழுவீங்க. பிளாஸ்டிக் கட்டை போதும்" என்று திருப்பிவிடுவார்.

"நீங்க ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களா பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஏம்மா சுடணும்? பூட்டு விக்கிறவன் திருடியா பார்க்கணும்?"

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மகளுக்கு எட்டு மாதமானபோது வேலைக்குத் திரும்பியிருந்தேன். பக்கத்து ஃபிளாட் அக்காவிடம் அவளை விட்டுவிட்டு, அங்கே வைத்த கேமராவை ஃபோனில் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். எட்டு மணி நேர டூட்டியில் ஐந்து மணி நேரம் அவளைத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஒரு காலை துப்பாக்கி ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தரையில் முகம் கவிழ்ந்து அசையாமல் கிடந்தாள். எனக்கு உயிரே இல்லை. ஒரு கை அக்காவின் நம்பரை அழுத்த, மறு கை கணினியில் எதையோ அழுத்திவிட்டது. அரை நிமிடம் கழித்து மகள் தலையைத் தூக்கினாள். எறும்பு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்துச் சரக்கு வந்தது. பாய் பெட்டியைப் பிரித்து, துப்பாக்கியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல ஒற்றை விரலை நீட்டினார். விரல் காற்றைத் தடவியது. இன்னொரு முறை தடவினார். கண்ணைத் திறந்தார்.

"தங்கச்சி, இதுல கைப்பிடி எங்கே?"

கைப்பிடி இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் இருந்தது. இடது கைக்காரர்களுக்கென்று செய்த துப்பாக்கி. ஒன்றல்ல, இரண்டு.

மேனேஜர் வந்தார். லக்னோக்காரர், கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "கிஸ்னே கியா?" என்று மெதுவாகக் கேட்டார். யார் செய்தது? 

"நான்தான் சொல்லிப் போட வச்சேன்" என்றார் பாய், இந்தியில். "இடது கை கஸ்டமருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"யார் கேட்டது?"

"வருவாங்க சார்."

அனுப்பிய கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாது. மேனேஜர் துப்பாக்கியையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மாதம் பாயின் விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். "மாசக் கடைசிக்குள்ள இதுல ஒண்ணாவது போகணும். போகலைன்னா, உங்க விசா கலாஸ்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். பாயின் இளைய மகள் அப்போது மதுரையில் நர்சிங் மூன்றாம் வருடம்.

அவர் போனதும் சொன்னேன்: "பாய், நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"புள்ளை ராத்திரி தூங்குதா?"

"இல்ல பாய்."

"அப்ப நீயும் தூங்கல. தூங்காதவங்க செஞ்சது கணக்குல சேராது. பேசாம வேலையைப் பாரு."

வீட்டில் என் கணவர், "நாளைக்கே போய்ச் சொல்லிடு" என்றார். பத்து நிமிடம் கழித்து, "இல்ல, ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லு" என்றார். எங்கள் இருவரின் வேலையும் சேர்ந்துதான் அந்த ஒற்றை அறை ஃபிளாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு யோசனையையும் தினமும் கடைக்கு எடுத்துப் போனேன். தினமும் இரண்டையும் திருப்பிக் கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து பாய் இடது கைக்காரரைத் தேட ஆரம்பித்தார். வருகிற எல்லாருக்கும் முதலில் கஹ்வா என்கிற அரபிக் காப்பி. சின்னக் கிண்ணத்தை நீட்டிவிட்டு, எந்தக் கை வருகிறது என்று பூனை மாதிரி காத்திருப்பார். பன்னிரண்டு நாள். ஏறக்குறைய கால் மூட்டை காப்பிக்கொட்டை. வந்த கை எல்லாம் வலது கை.

"நாட்டுல ஒரு இடது கைக்காரன்கூடவா இல்ல?" என்று சலித்துக்கொண்டார்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. "பாய், நீங்க காப்பியை எந்தக் கையால வாங்குவீங்க?"

"வலது கையாலதான். இடது கையால வாங்கினா எங்க உம்மா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். பிறகு நெற்றியில் 'படார்' என்று அடித்துக்கொண்டார். இடது கைக்காரராக இருந்தாலும், இந்த ஊரில் யார் கஹ்வாவை இடது கையால் வாங்குவார்கள்? ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் இதை மறந்துவிட்டுப் பன்னிரண்டு நாள் காப்பி ஊற்றியிருக்கிறார்.

அடுத்து, பேனா கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். எல்லாரும் வலது கை. அடுத்து, பொருளை எறிந்து பிடிக்கச் சொன்னார். கந்தூரா அங்கியும் வெள்ளைத் தாடியுமாக வந்த ஒரு பெரியவரின் மார்பில் குழல் துடைக்கும் பிரஷ் பெட்டி மோதி விழுந்தது. அவர் எந்தக் கையையும் நீட்டவில்லை. பாயை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதோடு அந்த வழியும் கலாஸ்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அந்த இளைஞர் வந்தார். ஒல்லியான உடம்பு, ஏதோ அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, புதிதாகக் கல்யாணம் ஆனவர். மச்சான்மார் மூன்று பேர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவரை வேட்டைக்குக் கூட்டிப் போகிறார்களாம். இவர் சுட்டது ஒன்றுகூடப் பட்டதில்லையாம். 'ஆடுகளின் நண்பன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனைவியும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறாளாம். "நல்ல துப்பாக்கி வேண்டும். ஆனால் பணம் இவ்வளவுதான்" என்று சொன்னார்.

பாய் ஐந்து விரலையும் விரித்தார். பிறகு என்ன தோன்றியதோ, மடக்கிக்கொண்டார். இளைஞரை அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, அதன் வழியாகக் கதவுக்கு மேலே இருக்கும் வெளியேறும் வழிப் பலகையைப் பார்க்கச் சொன்னார்.

"இப்ப வலது கண்ணை மூடுங்க. தெரியுதா?"

"தெரியுது."

"இடது கண்ணை மூடுங்க."

"பலகை காணாமப் போயிடுச்சு!"

இடது கண்தான் குறி பார்க்கும் கண். பாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சின்ன வயசுல எந்தக் கையால எழுதினீங்க?"

இளைஞர் தரையைப் பார்த்தார். "இடது. ஸ்கூலில் அடித்து மாற்றிவிட்டார்கள்."

பாய் உள்ளே போய் அந்தத் துப்பாக்கியை எடுத்து வந்து அவருடைய இடது தோளில் வைத்தார். அவருடைய இடது கை தானாக மேலே போனது. சளக். இன்னொரு முறை. சளக். பள்ளிவாசல் வாசலில் நூறு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவே தன் செருப்பில் கால் நுழைந்துவிட்டவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. விலையும் இரண்டு விரலுக்குள் அடங்கியது.

"யல்லா! பில் போடுங்க" என்றார்.

நான் ஏற்கெனவே பில் திறந்து வைத்திருந்தேன். 

"இரு தங்கச்சி" என்றார் பாய். பிறகு அவர் பக்கம் திரும்பி அரபியில் சொன்னது முழுக்க எனக்குப் புரிந்தது, புரியாமல் இருந்திருக்கலாம். "இன்னைக்கு வாங்காதீங்க. இத்தனை வருஷம் வலது பக்கம் பழகின உடம்பு. சுடுற பயிற்சி மைதானத்துல இடது கைத் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். பத்து நாள் பழகிப் பாருங்க. சரிப்பட்டு வந்தா வாங்க. இல்லேன்னா இந்தப் பணமும் வீணாப் போயிடும்."

இளைஞர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

"பாய்! உங்களுக்கென்ன கிறுக்கா?" கடையில் நான் கத்திப் பேசியது அது ஒரு தடவைதான். "நாலு நாள்தானே இருக்கு!"

"எனக்குத்தாம்மா நாலு நாள். அவருக்கு ஆயுசு முழுக்க மூணு மச்சான்."

கடைசி நாள் காலை, ஃபோனை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, மேனேஜர் அறைக்குப் போனேன். மனப்பாடம் செய்த இந்தி வாக்கியம் பாதியில் மறந்துபோய், மீதியைத் தமிழில் அழுதேன்.

"தெரியும்" என்றார் மேனேஜர். "ஆர்டர் உன் ஐடியில போனது. பெட்டி பிரிச்ச அன்னைக்கே பார்த்துட்டேன். பாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'அவளுக்குக் கைக்குழந்தை சார், என் பேர்ல எழுதிக்குங்க'ன்னாரு. முதலாளிக்கு ஒரு பேர் சொல்லியாகணும். சொன்னேன்."

"என் பேரைச் சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

 மேனேஜர் முதலாளிக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் முதலில் சத்தம், பிறகு சிரிப்பு. ஒரு தப்புக்கு ஒரு பேர் கேட்டால் இரண்டு பேர் வந்து அடித்துக்கொள்வதை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். இரண்டு பேரையும் அனுப்பவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை மகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; ஏன் என்று கேட்டால் தெரியாது. பாயின் விசா புதுப்பிக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கி விற்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டி, ஷார்ஜாவில் உள்ள மீன்பிடிச் சாமான் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்தாவது நாள் அந்த இளைஞர் வந்தார். உள்ளே நுழைந்ததும் துப்பாக்கியைக் கேட்கவில்லை, "அந்த ஆள் எங்கே?" என்றுதான் கேட்டார். நான் பில் போட்டேன். ஷார்ஜா கடைக்கு வழி எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே துப்பாக்கி வாங்கிய ரசீதோடு அங்கே போய் பாயைக் கட்டிப் பிடித்தாராம். மற்றொரு இடது கைத் துப்பாக்கி விற்காமல் இன்னும் அலமாரியில் நிற்கிறது என்று கேள்வி. நான் இப்போது அந்த வேலையில் இல்லை; மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மீன் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. என் கணவருக்குக் கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். இருந்தாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் பிடித்து ஷார்ஜா போய், பாயிடம் ஒரு தூண்டிலின் விலையைக் கேட்டுவிட்டு வருகிறோம்.