நாலு சட்டையும் விழாத ஆறும்

தனியாக உட்கார்ந்து விளையாடும்போதுகூட ஏமாற்றத் தெரியாதவன் நகைச்சுவை வீடியோ எடுக்கக் கூடாது. இதை நான் நாற்பத்தொன்பதாவது வயதில், வலியசாலையில் என் சொந்த வீட்டுக் கூடத்தில், பன்னிரண்டு பேர் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பலகை விளையாட்டுப் பித்து உண்டு. கோட்டை கட்டுவது, கப்பல் விடுவது, அட்டையை இறக்கி அடுத்தவனைக் கவிழ்ப்பது என்று மேசை நிறையப் பரப்பி நாலு பேர் ஆடுகிற வகை. எனக்குத்தான் கூட ஆட ஆள் கிடைப்பதில்லை. (விதிப்புத்தகத்தை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை.) ஆகவே நாலு பேராகவும் நானே நடித்து, இந்த விளையாட்டுக்காரர்களைக் கேலி செய்து இணையத்தில் வீடியோ போட ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை போட்டால் நான் சட்டம் பேசுகிறவன். கோடு போட்ட சட்டையில் தோற்றால் அழுகிறவன். நீலச் சட்டை போனையே பார்த்துக்கொண்டிருப்பான். கட்டம் போட்ட சட்டைக்கு ஒரு காயை நகர்த்த அரைமணி நேர யோசனை வேண்டும். கேமரா என் போன்தான். அரிசி டின் மேல் குக்கரைக் கவிழ்த்தால் அது ஸ்டாண்டு. ஆறு வீடியோ போட்டிருந்தேன். பார்த்தவர்களில் பாதி நானாகத்தான் இருக்கும்.

ஏழாவதை எடுத்த ஞாயிற்றுக்கிழமையன்றுதான் என் மனைவி விசாலத்தின் பாட்டு வகுப்பு ஆரம்பம். இருபது வருடமாக அவள் ஆரம்பிக்க நினைத்த வகுப்பு. ஒருவழியாக ஐந்து குழந்தைகள் சேர்ந்து, நாலு மணிக்கு அம்மாக்களோடு வருவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் மேசை போடவும் பாய் விரிக்கவும் ஒரே கூடம்தான்.

சாப்பிட்டதும் பூவும் கல்கண்டும் வாங்கக் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

"ஏன்னா, மூணரைக்கு மேசை இங்க இருக்கப்படாது. கேட்டேளா?"

"மூணேகாலுக்கே எடுத்துடறேன்."

"டைரியில எழுதிக்கோங்கோ."

எழுதிக்கொண்டேன். 'மேசை எடுக்க வேண்டிய நேரம் 3.15.' இன்றும் இருக்கிறது.

ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. தோற்கப்போகும் கோடுச் சட்டை கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாகப் பகடையை உருட்டி, ஆறு போட்டு ஜெயிக்க வேண்டும். புத்தியுள்ளவன் பகடையை ஆறாகத் திருப்பி வைத்துப் படம் பிடித்துவிட்டு மேசையை மடக்கியிருப்பான். எனக்குக் கை வரவில்லை. திருப்பி வைத்தால் வெள்ளைச் சட்டை ஒப்புக்கொள்வானா? (வெள்ளைச் சட்டையும் நான்தான் என்பது அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.) நிஜமாகவே ஆறு விழட்டும் என்று உருட்டினேன். விழாவிட்டால் விதிப்படி முறை அடுத்தவனுக்குப் போகும். சட்டை மாற்று, ஆடு, சட்டை மாற்று, ஆடு. நாலு சட்டை மாறித் திரும்பக் கோடுச் சட்டைக்கு வர நாலு நிமிடம்.

காற்று வரக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, சத்தம் வரக் கூடாதென்று வாசற்கதவையும் சாத்திப் பூட்டி, கதவுக்கு மேலுள்ள கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்துக்காக மேசையைக் கதவை ஒட்டிப் போட்டிருந்தேன். எங்கள் தெருவில் பகலில் வாசற்கதவைச் சாத்துகிற வழக்கம் இல்லை. சாத்தினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் எனக்கு இது தெரியாதா? தெரியும். வியர்வையில் மறந்துவிட்டது.

டைரியைப் பார்க்கிறேன். 2.40, மூன்று. 2.44, ஒன்று. 3.12, ஐந்து. 3.16, மறுபடி ஐந்து. 3.56, இரண்டு. 4.00, ஒன்று. 4.04, நான்கு. ஒவ்வொன்றையும் கடிகாரத்தைப் பார்த்து என் கையாலேயே எழுதியிருக்கிறேன். 'மூணேகால்' என்பது ஒருமுறைகூட மண்டையில் உறைக்கவில்லை.

வெளியில் நடந்ததைப் பக்கத்து வீட்டு மணி மாமா பிற்பாடு நடித்தே காட்டினார். ஐந்து அம்மாக்களும் குழந்தைகளும் சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். உள்ளே, "உன் கால்ல விழறேன், ஒரே ஒரு சான்ஸ் குடு!" என்று அழுகுரல். உடனே கரகரப்பாக, "கிடையாது! இன்னிக்கு உன்னை முடிச்சுட்டுத்தான் மறுவேலை!"

"ஐயோ மாமா, உள்ள எந்தா பிரச்சனை?" என்று மலையாளம் கலந்த தமிழில் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

"ரெண்டரை மணியிலேர்ந்து நடக்கறது. நாலு பேர் இருப்பான்னு தோணறது. ஒருத்தன் விடாம அழறான், பாவமாக்கும்."

"போலீஸை விளிக்கட்டா?"

"இருங்கோ, முதல்ல தட்டிப் பாக்கலாம்."

தட்டியிருக்கிறார்கள். என் டைரியில் அதுவும் இருக்கிறது: '4.06, வாசலில் சத்தம். எடுத்தது வீண்.'

விசாலம் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். என் போன்தான் கேமராவாயிற்றே, ஃப்ளைட் மோடில் கிடந்தது. கடைசியில் ஓட்டமும் நடையுமாக வந்து, தன் சாவியால் திறந்து, கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள். கதவு மேசையில் இடித்தது. நான் அப்போதுதான் உருட்டிய பகடை, ஐந்தில் நிற்கப் போனது, ஒரு துள்ளு துள்ளிப் புரண்டது.

"ஆறு!" என்று கத்தினாள் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி.

நான் நிமிர்ந்தேன். கோடுச் சட்டை. அழுகைக்காக நறுக்கிய வெங்காயம் இடது கையில். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். அந்தக் கோலத்தில், அத்தனை பேர் எதிரில், சொன்னேன்:

"அது செல்லாது. மேசை ஆடிடுத்து."



"மணி என்ன?" என்றாள் விசாலம். பூப்பொட்டலம் அவள் கையில் நசுங்கியிருந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலு பத்து."

"அதையும் எழுதிக்கோங்கோ."

இரண்டு அம்மாக்கள், "பின்னே வராம் டீச்சர்" என்று பிறகு வருவதாகச் சொல்லிக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த மூன்று பேரை வைத்து, வெங்காய வாசனையில், விசாலம் வகுப்பை ஆரம்பித்தாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கிற்று. சமையலறையில் நாலு சட்டைகளையும் மடித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. வீடியோ எடுக்கும் ஆசை அன்றைக்கு அந்த இடத்தில்தான் சுருங்கியது.

திரும்பிப் போன இரண்டு அம்மாக்களின் வீடுகளுக்கும் மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். உள்ளே இருந்தது நான் ஒருவன்தான் என்று நிரூபிக்க, அவர்கள் வரவேற்பறையில் நின்று நாலு குரலிலும் பேசிக் காட்டினேன். ஒரு வீட்டில் அதுவரைக்கும் குழந்தையைத் திரும்ப அனுப்புகிற யோசனை இருந்ததாம்.

விசாலம் அடுத்த வாரமே வகுப்பை மணி மாமா வீட்டுக் கூடத்துக்கு மாற்றிவிட்டாள். இப்போது பதினோரு குழந்தைகள். நடுவில் ஒரே சுவர்தான், எல்லாம் கேட்கிறது. ஸ்வரம் தப்பினால் எந்தக் குழந்தையும் தப்பை ஒப்புக்கொள்வதில்லை. "டீச்சர், செல்லாது, மேசை ஆடிடுத்து!" என்கிறார்கள். தாளம் ஒரு இம்மி விலகினாலும் விடாதவள், இதற்கு மட்டும் சிரித்துக்கொண்டே இன்னொரு சான்ஸ் கொடுக்கிறாள்.

அந்தக் கூடத்தில் மேசையே கிடையாது.