படிக்கட்டுக்கு அடியில் பாதிக் கட்டணம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. தலையில் ஆளுக்கொரு வீக்கம் இருப்பதைத் தவிர நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். நீங்களும் என் மகளும் அங்கே வீக்கம் ஏதுமில்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்ச நாளாக நீங்கள் எப்போது போன் செய்தாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று ஒரு பெண் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. நாங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறோம், எல்லைக்கு வெளியேயும் இருக்கிறோம். பயந்துபோய்ப் போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த போன் பில்லைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இவ்ளோ வருது? விடுங்க, இனிமே நான் கட்டிடறேன்" என்று சொன்னீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மாப்பிள்ளை. ஊரில் இருக்கிற கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்தி, கௌரவமாக ரிட்டயர் ஆனவன் நான். என் போன் பில்லை மருமகன் கட்டுவதா? அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் அந்தப் பில்லைப் பாதியாக்கி, அதே ஃபிரிட்ஜ் கதவில், உங்கள் கண்ணுக்கு நேராக ஒட்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். போன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு வரி விடாமல் படித்தேன், கடைக்காரர் இரண்டு தடவை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார், அப்படியும் விடாமல் படித்தேன், இதைவிட மலிவாக வேறு திட்டம் இருக்கிறதா என்று கேட்க மட்டும் மறந்துவிட்டேன். அந்தத் திட்டத்தின்படி இப்போது உலகத்தில் நடக்கிற அத்தனை கால்பந்தாட்டத்தையும் போனில் பார்க்கிற உரிமை எனக்கு இருக்கிறது. உங்கள் அத்தை அந்தப் போனில் மகளோடு பேசுவாள், கரண்ட் போனால் டார்ச் அடிப்பாள், வேறொன்றும் இல்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன். எடுத்த பெண் தங்கமான பெண். "சார், ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி கட்டணத்தைக் குறைக்க வழியில்லை சார். கூட்டறதுக்கு வேணா மூணு வழி இருக்கு, சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் புலம்பினேன். அவர், "கம்பெனியை விட்டே போறேன்னு மிரட்டுங்க சார், பதறியடிச்சுக் குறைப்பாங்க" என்றார். மறுபடி போன் போட்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "நான் வேற கம்பெனிக்குப் போறேன்மா" என்றேன். அவள் பதறவே இல்லை. "அப்படியா சார், எப்போ போறீங்க?" என்று கேட்டாள். கேள்வி கேட்டால் பதில் உண்மையாக இருக்க வேண்டுமே, அத்தனை வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த வாய் ஆயிற்றே! "போற எண்ணமெல்லாம் இல்லம்மா, சும்மா சொல்லிப் பார்த்தேன்" என்று உளறிவிட்டேன். பிறகு அவளே இரக்கப்பட்டு, யாரும் கேட்காத ஒரு விதியை எடுத்துச் சொன்னாள்: வாடிக்கையாளர் வசிக்கும் இடத்தில் சிக்னல் இல்லை என்று கம்பெனி ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்து, அதன்பின் ஒரு மாதம் போனில் சிக்னலே பதிவாகாமல் இருந்தால், ஒப்பந்தம் முடியும்வரை பாதிக் கட்டணம்தானாம்.

உடனே போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சிக்னல் இல்லாத இடம் தேடினேன். ஏன் கேட்கிறீர்கள், முக்கியமான போன் வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓட வைக்கிற சிக்னல், அன்றைக்குக் குளியலறையிலும் முழுசாக இருந்தது, பீரோவுக்குள்ளும் இருந்தது, மாவு டப்பாவில் போட்டு மூடிப் பார்த்தேன், டப்பாவுக்குள்ளிருந்து மணி அடித்தது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருக்கிற அறையில் போய், இரும்புக் கதவைச் சாத்தினதும் செத்துப்போய்விட்டது. சிக்னலைச் சொல்கிறேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் நிமிர்ந்தேன், முதல் வீக்கம் அப்போது வந்ததுதான்.

டாக்டர், "ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு பாயை விரிச்சுப் போட்டுக்குங்க, போதும்" என்றார். எனக்குச் சுரீர் என்று வந்துவிட்டது. "சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் நல்ல தராசை எடுத்து வெளியில வைக்கிற கடைக்காரங்களை நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா சார்? வசிக்கிற இடம்னு எழுதிக் கொடுத்தா அங்க வசிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அந்த ரூம்ல பழைய பெயின்ட் டப்பாவை வைக்கவே நான் யோசிப்பேன். கட்டின பொண்டாட்டியைக் கொண்டுபோய் வைக்கிறேங்கறீங்களே, நல்லாயிருக்கா?" என்றாள். இருந்தாலும் வந்தாள்.

படிக்கட்டின் சரிவில் உயரமான பக்கம் எனக்கு, தாழ்ந்த பக்கம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். கட்டில் நுழையவில்லை, மெத்தை மட்டும் மடங்கி உட்கார்ந்தது. உங்கள் கல்யாண போட்டோவைச் சுவரில் மாட்டினோம், சுவர் சரிந்திருப்பதால் நீங்கள் இரண்டு பேரும் எங்கள் மேல் குனிந்து ஏதோ விசாரிக்கிற மாதிரி இருக்கிறது. காலையில் டாக்டர் மோட்டாரைப் போட்டால் காபி டம்ளர் தானாக நகர்ந்து உங்கள் அத்தையிடம் போகும். டாக்டர் படியிறங்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்குப் பிடுங்கப்போகிற பல் கடினமானதா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு இப்போது நான் தேறிவிட்டேன். பார்க்க வருகிறவர்களை எல்லாம் அங்கேதான் உட்கார வைக்கிறோம். "வாங்க வாங்க, குனிஞ்சு வாங்க" என்று அவள் உபசரிப்பதும், அவர்கள் உள்ளே வந்து 'ஐயோ' என்பதும் பழகிப்போயிற்று.

ஒருவழியாகச் சிக்னல் பார்க்கிறவர் ஒரு கருவியோடு வந்தார். பல் துலக்கும் பிரஷ், காலண்டர், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நெஜமாவே இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். உங்கள் அத்தை என் தலையைப் பிடித்துத் திருப்பி வீக்கத்தைக் காட்டினாள். படுக்கும் உயரத்திலும் அளக்க வேண்டும் என்று அவர் மெத்தையில் படுத்தார். அவருடைய போனிலும் சிக்னல் இல்லை, ஆபீசிலிருந்து யாரும் கூப்பிட முடியவில்லை. பாவம், அப்படியே தூங்கிப்போனார். மறுநாள் மறு அளவீடு என்று வந்தார். அதற்கு மறுநாள் சாப்பாட்டு டப்பாவோடும் தலையணையோடும் வந்தார். இப்போது தினமும் மத்தியானம் அவர் அளக்கிறார், அந்த நேரத்துக்கு நாங்கள் வெளியே நிற்கிறோம். சான்றிதழில் மட்டும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார், நேர்மையான மனிதர்.

ஒரு மாதம் முடிய இன்னும் சில நாள்தான் மாப்பிள்ளை. போன் ஆணியில் தொங்குகிறது, அது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று உங்கள் அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் உங்கள் அத்தை அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகள் வழக்கமாகப் பேசுகிற நேரம் அது. "பக்கத்து வீட்டுப் போன்ல பேசேன்" என்றால், "அவங்க நடு ஹால்ல நின்னு எதைப் பேசறது?" என்கிறாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாதிக் கட்டணம், பாதிக் கட்டணம்தானே? ஆகையால் தயவுசெய்து நீங்களோ என் மகளோ மாதம் முடியும்வரை போன் செய்யவே வேண்டாம். இதை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். உயரமான கூரையும் நிறைந்த சிக்னலுமாக நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குனிந்தபடி,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினபோது என்றும் இல்லாத திருநாளாக உங்கள் அத்தையும் கூட வந்தாள். தபால்பெட்டி பக்கத்தில் போய் நின்றதும் ஆணியில் தொங்க வேண்டிய போன் அவள் கைப்பைக்குள் அடித்தது. நான் திகைத்துப்போய் நிற்கிறேன், அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். தாயும் மகளும் ஒரு மணி நேரம் அழுது சிரித்துப் பேசியதில், மேலே நான் எழுதியிருக்கிற அத்தனையும் என்னைவிட நன்றாக அவளே சொல்லி முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சேவைப் பெண் கூப்பிட்டு, "சார், உங்க ஏரியால சிக்னல் வந்துருச்சு, வாழ்த்துக்கள்!" என்றாள். முழுக் கட்டணம்தான். ஆகவே இந்தக் கடிதத்தால் இனி ஒரு பயனும் இல்லை, ஸ்டாம்ப் ஒட்டிவிட்ட காரணத்தால் அனுப்புகிறேன். மோட்டார் அறையை இன்னும் காலி செய்யவில்லை, உள்ளே சிக்னல்காரர் தூங்குகிறார். எப்போது வேண்டுமானாலும் போன் செய்யுங்கள், தினமும் செய்யுங்கள். கடைசியில் நீங்கள் மகளிடமிருந்து போனை வாங்கி, "பில்லில் பாதியை இனிமே நாங்க கட்டிடறோம்" என்று சொன்னதும், உங்கள் அத்தை என்னைக் கேட்காமலே "சரிங்க மாப்பிள்ளை" என்றதும் என் காதில் நன்றாக விழுந்தது. ஒன்றும் கேட்காதவன் மாதிரி, தபால்பெட்டியில் எழுதியிருந்த நேரங்களைப் படித்துக்கொண்டு நின்றேன். எப்படிப் பார்த்தாலும், நான் சொன்னபடியே கட்டணம் பாதியாகிவிட்டது.