உயிரோடிருக்க எத்தனை பிக்சல்?

என் உயிர்மேல் ஆணை. இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் உயிர் இந்தக் கணமே பிரியட்டும். சத்தியத்துக்கு ஈடு வைக்க இதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

நடந்தது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் கதவு நிலைகள் ஆடுகின்ற ஒரு தொடர்மாடியில், இரத்தினசிங்கத்தின் ஹோலில். தொடக்கம் முதல் நான் அங்கேதான். என்னை யாரும் இருக்கச் சொல்லவுமில்லை, எழும்பிப் போகச் சொல்லவுமில்லை.

"ஐயா, நீங்கள் அசையிறியளில்லை," என்றாள் மேனுகா.

மேனுகா இருந்தது இலண்டனில். இரத்தினசிங்கம் இளமையில் இயந்திர அறையில் வேலை பார்த்த கப்பல் கம்பனியின் ஓய்வூதியப் பகுதியில், தமிழ் தெரிந்த ஒரே பிள்ளை. வருஷத்துக்கு ஒருமுறை வீடியோவில் வந்து, கம்பனியின் கிழவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துப் பதிவது அவளுடைய வேலை. கடந்த மூன்று வருஷமும் பிரச்சினை இல்லை. இரத்தினசிங்கம் பழைய டப்லெட் ஒன்றைச் சீனி டின்னில் சாய்த்து வைப்பார். கடவுச்சீட்டுப் படத்தில் கண்ணாடி இல்லை என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அமர்வார். பெயரையும் பிறந்த திகதியையும் சொல்வார். பாஸ்.

இந்த வருஷம் புதிய விதி. அசைவு தெரிய வேண்டும்.

"கையை ஆட்டுங்கோ ஐயா."

ஆட்டினார். தோள்மூட்டு வருத்தம், கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது.

"ஆட்டிறதாத் தெரியேல்லை. கண்ணைச் சிமிட்டுங்கோ."

சிமிட்டினார்.

"ம்ஹூம். ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம்."

"அவர் எங்கட கலியாணப் படத்திலையே சிரிக்கேல்லை பிள்ளை," என்றாள் பத்மாவதி. திரையில் விழக்கூடாதென்று அவள் டப்லெட்டுக்குப் பின்னால் நின்றாள்.

"உங்கட சாமான் பழசாப் போச்சு ஐயா. படம் உறைஞ்சு நிக்குது, குரல் மட்டும் வருது. நல்ல டிஜிட்டல் கமரா ஒண்டைக் கொம்பியூட்டரிலை கொழுவி, ஹை ரெசலூஷனிலை வாங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ளை அசைவு பதியாட்டில் சிஸ்டம் உங்களைத் தானாவே காலமானோர் பக்கத்திலை போட்டிடும். பேந்து எழுப்பிறது சரியான கஷ்டம்."

"அப்ப எனக்கு விதவைப் பென்சன் எப்ப துவங்கும்?"

"பத்மா!"

"கேட்டு வைக்கிறதுதானே. ஏன் கத்திறியள்?"

இரத்தினசிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பென்சன் நின்றால் வீட்டு வாடகை நிற்கும். அதைவிட, உயிரோடு இருந்துகொண்டே காலமானோர் பக்கத்தில் கிடப்பது ஒரு மனிதனுக்கு அவமானம். (பழகினால் சரியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம். என்னை யாரும் கேட்கவில்லை.)

மறுநாள் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து நோபேட் வந்து இறங்கினார். ஞானஸ்நானம், கலியாணம், செத்த வீடு என்று ஒரு காலத்தில் ஒன்றும் விடாமல் வீடியோ எடுத்தவர். இரத்தினசிங்கத்தின் மகள் கலியாணத்துக்கும் அவர்தான். அந்த வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் ஒரு மின்விசிறி மட்டும் நீண்ட நேரம் சுற்றும்.

"அங்கிள், கமராவ ரெண்டாவதாப் பாருங்க. மொதல்ல அவுட்புட். கமராவுல இருக்கிற ஓட்டையால வயர் வழியா கொம்பியூட்டருக்குப் போற படம் எப்பிடி, அதுதான் விசயம். எல்லாம் எங்கிட்ட விடுங்க."

விட்டார். அங்கேதான் பிழை தொடங்கியது.

கமராக் கடைக்கு நான் போகவில்லை. வெளியே போகிற பழக்கம் எனக்கு விட்டுப் பல காலம். ஆகையால் நோபேட் வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். காலி வீதியில் பஹ்மிதாவின் கடை. என்ன தேவைக்குக் கமரா என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நான் உயிரோடை இருக்கிறன் எண்டு காட்ட," என்றாராம் இரத்தினசிங்கம்.

"கலியாணத்துக்குச் சொல்லுவேன், ட்ரிப்புக்குச் சொல்லுவேன். உயிரோட ஈக்கிறத்துக்கு எத்தின பிக்சல் வேணுமெண்டு வாப்பாவும் சொல்லித் தரல்லயே அங்கிள்."

கடைசியில், சரிவராவிட்டால் மாற்றித் தருவதாகச் சொல்லி ஒன்றைக் கொடுத்துவிட்டாள். மகள் கனடாவுக்குப் போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதன் சொந்தக் கமராக் கண் எப்போதோ குருடு. நோபேட் முக்காலியை விரித்தார், வயரைக் கொழுவினார், இரத்தினசிங்கத்தை நிமிர்ந்த கதிரையில் இருத்தினார்.

"ஆ, இப்ப நல்லாத் தெரியிறியள் ஐயா!" என்றாள் மேனுகா. எல்லாரும் மூச்சு விட்டார்கள். "ஆனா, உங்கட நெத்தியிலை என்னவோ எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"'பட்டரி தீர்ந்துவிட்டது' எண்டு."

கமராவின் பின்பக்கத் திரையில் தெரிகிற எழுத்து, சதுரம், அடையாளம் எல்லாம் அப்படியே வயர் வழியாக இலண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. முகத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம், அதற்கு மேலே நெற்றியில் சிவப்பு எழுத்து. இரத்தினசிங்கம் தன்னை அறியாமல் நெற்றியைத் துடைத்தார்.

"துடைச்சாப் போகாது அங்கிள்!"

அத்தோடு திரை கறுத்தது.

"ஐயா? ஐயா! ஐயோ, போட்டாரா?"

"போகேல்லைப் பிள்ளை! ஆள் இருக்கு! கமராதான் போட்டுது!" என்று பத்மாவதி இலண்டன் வரை கேட்கக் கத்தினாள்.

மீண்டும் பஹ்மிதாவின் கடை. இந்த முறை நோபேட் கேட்டது கறாரானது: எழுத்தோ அடையாளமோ கலக்காத சுத்தமான அவுட்புட், சுவர் பிளக்கிலிருந்து நேராகக் கரண்ட், நான்கு மடங்கு தெளிவு, முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ். வாங்கி வந்து பூட்டியதும் ஹோல் முழுவதும் கணினியில் கண்ணாடி போல விரிந்தது. கதவு நிலையில் கறையான் போன தடம் தெரிந்தது. பத்மாவதி அதைப் பார்த்து, இலண்டனுக்கு முன்னால் மானம் போகிறதே என்று அந்த இடத்தில் ஒரு காலண்டரைக் கொழுவினாள்.

இந்த இடத்தில் சுவரில் இருந்த படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரத்தினசிங்கத்தின் தகப்பன், காலமான தபாலதிபர் சிற்றம்பலத்தின் படம். சந்தன மாலை, மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். ஐம்பது வயதில் எடுத்தது. கம்பீரமான முகம், அளவான மீசை. முகஸ்துதி இல்லை, பார்க்கிறவர்கள் சொல்வதுதான்.

முகம் தேடும் கமரா ஹோலைச் சுற்றிப் பார்த்தது. இரத்தினசிங்கத்தைப் பார்த்தது. சிற்றம்பலத்தைப் பார்த்தது. சிற்றம்பலத்தைத் தெரிவு செய்தது. இரசனையுள்ள கமரா.

"ஐயா, நீங்கள் புகை மாதிரி இருக்கிறியள். பின்னாலை இருக்கிறவர்தான் வடிவாத் தெரியிறார். மாலை... பல்ப்பு..." மேனுகா திரைக்குக் கிட்ட வந்தாள். அவளுடைய முகம் மாறியது. "அது ஆர்?"

"என்ர அப்பா."

"அப்பாவோ? உங்களைவிட இளமையா இருக்கிறாரே!"

"அது அப்ப எடுத்த படம் பிள்ளை!"

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. போன மூண்டு வருஷப் பதிவும் என்ரை முன்னுக்கு இருக்கு. அதிலை இருக்கிற இரத்தினசிங்கம் ஐயாவுக்கு மீசை இருக்கு, உங்களுக்கு இல்லை. உந்த மாலைக்குள்ளை இருக்கிறவர்தான் அவர். எனக்கு நல்லா விளங்குது." அவள் திரையில் கைகூப்பினாள். "நல்ல மனுசன். எப்ப மோசம் போனவர்? நீங்கள் ஆர்?"

"நான்தான் இரத்தினசிங்கம்!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

பத்மாவதி முதன்முறையாகக் கமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். "பிள்ளை, இது என்ரை மனுசன்தான். ஐம்பது வருஷமா இந்த அலுப்பைத்தான் கட்டி மாரடிக்கிறன்."

"அம்மா, நீங்களும் உடந்தையோ?"

அன்று பின்னேரம் கூடி ஆலோசித்தார்கள். தெளிவு கூடிப்போனதுதான் பிழை என்றார் நோபேட். படம்தான் பிழை என்றார் இரத்தினசிங்கம். "அப்பா இருக்கேக்கையும் என்ர காரியத்திலை குறுக்கை நிண்டவர். இப்பவும் நிக்கிறார்." படத்தைக் கழற்றி மறைப்பது என்று முடிவாயிற்று. அது நன்றிகெட்ட முடிவு. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். அன்று மட்டும் நான் ஹோலில் இல்லை. உள்ளறையில், சுவரைப் பார்த்தபடி இருந்தேன். ஆகவே காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

"படம் எங்கை?" இது மேனுகா.

"எந்தப் படம்?" இது இரத்தினசிங்கம், அப்பாவிக் குரலில்.

"சுவரிலை ஆணி நிக்குது. படம் இருந்த இடம் மட்டும் பெயின்ட் பளிச்செண்டு இருக்கு. ஆணித்தலையிலை துருவும் தெரியுது. ஐயா, ஏன் ஒளிச்சனீங்கள்?"

"நான் சொன்னேனே அங்கிள், தெளிவு கூடிப்போச்சு!"

"நீர் வாயை மூடும் நோபேட்!"

"நான் மேலிடத்துக்கு அறிவிக்கத்தான் வேணும் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ரயில் ஒன்று போனது. பிறகு இரத்தினசிங்கத்தின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அவர் சின்னப் பையனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு இல்லை.

"பிள்ளை, நான் செத்தால் உங்களுக்கு முதல் எனக்குத் தெரியும். நான் இன்னும் சாகேல்லை."

அப்போது நோபேட்டின் மூளை, வாழ்க்கையில் முதல்தடவையாக, சரியான இடத்தில் ஃபோகஸ் ஆனது.

"மிஸ், அந்தப் போன வருசப் படத்த ஒருக்காத் திரையில காட்டுங்க."

காட்டினாளாக்கும். பத்மாவதி "இஞ்சேரப்பா!" என்று கூவியது கேட்டது.

"பாருங்கோ," என்றாள் மேனுகா. "கலங்கலாத்தான் இருக்கு. ஆனா மீசை தெரியுது. கழுத்திலை மஞ்சள் சால்வை. நெத்திக்கு மேலை குங்குமம். பக்தியான ஐயா எண்டு நினைச்சனான்."

"என்னட்டைச் சால்வையே இல்லைப் பிள்ளை."

நோபேட் விறுவிறுவென்று நடந்தார். சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது; அதில் போய் விழுந்திருக்கிறார். "அக்கா, அந்தப் பழைய டப்லெட்ட சீனி டின்னுல சாத்துங்க. ஆ, இப்பிடித்தான். அந்தோனியாரே! அங்கிள், இதுல நான் இல்லையே! என்ர உச்சந்தலையும் இல்ல! இது சாஞ்சு சுவரத்தான் பாக்குது, ஆணி மட்டும்தான் தெரியுது!"

பத்மாவதி ஓடி உள்ளே வந்தாள். அதன் பிறகு நடந்ததை நான் மறுபடி நேரில் பார்த்தேன். படத்தை ஆணியில் மாட்டினார்கள். பல்ப்பை எரித்தார்கள். நோபேட் டின்னில் சாய்ந்திருந்த டப்லெட்டிலேயே ஒரு படம் எடுத்து, அதைத் தூக்கிக் கமராவுக்கு நேரே பிடித்தார். அதில் மீசை, மஞ்சள் சால்வை, குங்குமம்.

இந்த முறை உறைந்து நின்றது மேனுகா.

"மூண்டு வருஷம்," என்றாள் கடைசியில். "மூண்டு வருஷமும் நான் கையெழுத்துப் போட்டனான். 'ஆள் நல்ல சுகம், முகத்திலை தெளிவு, பதற்றம் இல்லை' எண்டு எழுதினனான்."

"பதற்றப்பட அவருக்கு என்ன கிடக்கு?" என்றாள் பத்மாவதி.

"ஐயா." மேனுகா குரலைத் தாழ்த்தினாள். "உங்கட கையை ஆட்டுங்கோ."

இரத்தினசிங்கம் ஆட்டினார். தோள்மூட்டை மறந்து தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். கண்ணைச் சிமிட்டினார். கேளாமலே சிரித்தார், கலியாணத்துக்குச் சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

"நீங்கள் உயிரோடைதான் ஐயா. பாஸ். பழைய கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, என்ரை வேலை போயிடும்."

"உன்ரை வாயாலை கேட்டது போதும் பிள்ளை. நீ நல்லா இருப்பாய்!"

திரை அணைந்ததும் இரத்தினசிங்கம் சாய்மனைக் கதிரையில் விழுந்து, வாரம் முழுவதும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். நோபேட் சிலுவை போட்டுக்கொண்டார். "இனி உந்தக் கமராவை என்ன செய்யிறது?" என்று கேட்டார் இரத்தினசிங்கம். "பஹ்மிதாகிட்டக் குடுத்திட்டு ஒரு உயரமான கதிரை வாங்குங்க அங்கிள். ஒங்களுக்கு உயரம்தான் குறைச்சல், பிக்சல் இல்ல."

"எனக்குத்தான் விதவைப் பென்சன் போச்சு," என்றபடி பத்மாவதி தேத்தண்ணி போடப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, கோணியிருந்த மாலையை நேராக்கினாள்.

"மாமா," என்றாள் மெல்ல, "மூண்டு வருஷமா உங்கட மகனுக்குப் பதிலா நீங்கள்தான் பென்சன் எடுத்துத் தந்திருக்கிறியள்."

நான் பதில் சொல்லவில்லை. பெருமையடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதோடு, நான் செத்து இருபத்தாறு வருஷமாகிறது.