காக்கை கொண்டுபோன தாடி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நெஞ்சு வரை தொங்கும் என் வெள்ளைத் தாடிமேல் ஆணையாகச் சொல்கிறேன்.

அந்தக் காக்கை தாடியைக் கவ்விக்கொண்டு பறந்தபோது மணி எட்டே முக்கால். ஒன்பது மணிக்கு முதல் ஷாட்.

கப்பல் கவிழ்ந்து ஒரு தீவில் ஒதுங்கிய ஏழு ஆண்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அது. அன்று நூற்றுப் பன்னிரண்டாம் பகுதியின் படப்பிடிப்பு. பறந்துபோனது நாயகனின் ஒட்டுத் தாடி. ஷாம்பூ போட்டு அலசி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்தார் மேக்கப்காரர். கூடு கட்டத் தோதான சரக்கு என்று காக்கை ஒரே பார்வையில் கண்டுகொண்டது.

மேக்கப்காரருக்கு இது இரண்டாவது தாடி வம்பு. போன மாதம்தான் நாயகன் கடலில் குதிக்கும்போது ஒரு சாண் இருந்த தாடி, கரையேறும்போது இரண்டு விரற்கடையாகிவிட்டது. நேயர்கள் கடிதம் எழுதி மானத்தை வாங்கினார்கள். "இன்னொரு தடவை தாடியில தப்பு வந்தா, வீட்ல உக்காந்து உங்க மூஞ்சிக்கே பவுடர் போட்டுக்கலாம்" என்று இயக்குநர் கடைசியாக எச்சரித்திருந்தார்.

நாயகனோ மழித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மேக்கப்காரர் ஓடிப்போய், லைட் போடும் தன் மச்சினனை இழுத்து வந்தார்.

"மாப்ள, காக்கா தாடியைத் தூக்கிட்டுப் போயிடுச்சுடா!"

"யாரு தாடியை மாமா?"

"காக்காவோட தாத்தா தாடியை! கேக்குறான் பாரு கேள்வி."

"பதறாதீங்க. உங்களை இங்க சேத்துவிட்டதே நான். வேலை போச்சுன்னா அக்கா என் தோலை உரிச்சிடுவா. படகு கட்டுற கயிறு கிடக்கே, அதைப் பிரிச்சு ஒட்டுங்க."

பிரித்துக்கொண்டிருக்கும்போது இஸ்திரிக்காரர் ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு விஷயம்..."

"அப்புறம்! தீவுல எவன்யா கோட்டு போடப்போறான்?"

"அதைத்தான் நானும்..."

"அப்புறம்னு சொன்னேன்ல!"

கயிற்றுத் தாடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கத்திலேயே நாயகன் போட்ட ஒரு தும்மலில் அது எழும்பிப் போய்க் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. போகிற போக்கில் பசைப் புட்டியையும் தட்டிவிட்டது. கண்ணாடியில் யாரோ ஒட்டிவைத்திருந்த காகிதத்தைக் கிழித்து, கொட்டிய பசையைத் துடைத்தார் மேக்கப்காரர்.

"மாமா, மத்த ஆறு பேர் தாடியும் ஆணியிலதானே தொங்குது? ஆளுக்குக் கொஞ்சம் நறுக்கினா யாருக்குத் தெரியும்?"

"அவங்க எங்கடா?"

"வெளிய டீ குடிக்கிறாங்க. மொழுமொழுன்னு நிக்கிறாங்க. நம்ம நல்ல நேரம், ஒருத்தரும் இன்னும் தாடி கேட்டு வரல."

முதல் தாடியில் இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக வெட்டுப்பட்டது. சரிசெய்ய வலது பக்கம் வெட்டினார். அப்புறம் மறுபடி இடது. அதற்கு ஜோடியாக அடுத்ததை நறுக்கினார். கடைசியில், ஏழு மாதம் தீவில் கிடந்த ஆறு பேருக்கும் வங்கி மேலாளரின் குறுந்தாடிதான் மிஞ்சியது. நாயகனுக்குச் சேர்ந்த தாடியிலோ கறுப்பு, பழுப்பு, நரை எல்லாம் கலந்திருந்தன. அதற்குக் காலணி பாலிஷ் தேய்த்தாயிற்று. ஒட்டத்தான் பசை இல்லை.

மச்சினன் தச்சரிடமிருந்து ஒரு டப்பாவோடு வந்தான்.

"இது மூஞ்சியில பிடிக்குமாடா?"

"ஓட்டைப் படகையே இதாலதான் ஒட்டினாங்க. மிதக்குது மாமா!"

"அண்ணே, அந்த விஷயம்..." என்று மறுபடி தலையை நீட்டினார் இஸ்திரிக்காரர். அவர் மூக்கு தப்பும் அளவுக்கு இடம் விட்டுக் கதவைச் சாத்தினான் மச்சினன்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க, மேக்கப்காரர் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தலை வந்தது; நாற்காலி வந்தது; தாடி வரவில்லை. நாயகன் விழித்துக்கொண்டு "ஐயோ!" என்றார்.

"பாத்தியாடா! இனிமே கழுகே வந்தாலும் அசைக்க முடியாது. இதைப் பிடுங்க முகத்தையே பிடுங்கணும்!"

பெருமை தாங்காமல் கதவை அகலமாகத் திறந்தார். கோட்டோடு அங்கேயே நின்றிருந்தார் இஸ்திரிக்காரர். அவருக்குப் பின்னால் இயக்குநர் வந்துகொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுய்யா, என்னமோ விஷயம்னியே?"

இஸ்திரிக்காரர் தாடியைப் பார்த்தார். பசையில் ஊறிக் கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் பெருசா இல்லண்ணே. இன்னைக்குக் கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள் கதை. ஏழு பேரும் தாடி இல்லாம, கோட்டு போட்டுட்டு வரணும்னு கண்ணாடியில எழுதி ஒட்டியிருந்தாங்களே..."

அத்தனையும் சத்தியம். எனக்குத்தான் இந்த வயது வரை தாடியே முளைத்ததில்லை.