ரெஃபரன்ஸ் நம்பர் போட்ட கவிதை

அணுபுரம்,
திங்கட்கிழமை

கடப்பாக்கத்தில் மீன் வியாபாரம் செழிக்க வாழும் மச்சான் கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு, மூர்த்தி வணங்கி எழுதுவது. உங்கள் தங்கை சொர்ணம் நலம்; என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். போனைத் தொடவே பயமாக இருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலருக்குப் புதுமையான எழுத்து வேண்டும் என்றார்கள். போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம், "அணுபுரத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதாத மாதிரி ஒரு கவிதை எழுது" என்றேன். அது எழுதியது: "இன்று மாலை நான்கு மணிக்குக் கடல் நம்மைப் பார்க்க வரும். கதவுகளைத் திறந்து வையுங்கள். மறக்க முடியாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள்." முழுக்க எந்திரம் எழுதியது, மச்சான். முப்பத்து நான்கு வருட ஆபீஸ் பழக்கத்தில் மேலே ரெஃபரன்ஸ் நம்பரும் தேதியும், கீழே "நகல்: அனைவருக்கும்" என்பதும் மட்டும் நான் சேர்த்தேன். கருத்து அறியலாம் என்று, கவிதை என்று குறிப்பிட மறந்து, எங்கள் பிளாக் வாட்ஸப் குழுவில் ஞாயிறு மதியம் மூன்றுக்குப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். சுனாமியைப் பார்த்த அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருப்பு இது; நம்பர் போட்ட காகிதத்தை இங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை. மூன்று நாற்பதுக்கு சொர்ணம் உலுக்கினாள். "இன்னாயா தூங்கினுகீற? கடலு வருதாம், ஊரே பஸ் ஸ்டாப்ல கீது!" எழுந்து ஓடினேன். அறுபத்திரண்டு பேர். சகுந்தலா டீச்சர் கையில் மிக்ஸி. மாடி வீட்டு ஸ்டான்லி பாஸ்போர்ட்டோடு நின்று, "அண்ணாத்த, கடலுக்கு டைம் போட்டாங்க, பஸ்ஸுக்குப் போடலியே!" என்று அழுதார். நானும் பென்ஷன் காகிதங்களோடு வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். எழுதி அனுப்பியவன் நான்தான் என்பது நினைவுக்கு வர ஏழு நிமிடம் ஆயிற்று. நினைவு வந்த பிறகு நடுக்கம் அதிகமாயிற்று.

நான்கரை வரை கடல் வராததால், அனுப்பியவன் பெயரைப் பார்த்து என்னை முறைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு வந்து எந்திரத்திடம் நடந்ததைச் சொன்னேன். "அருமை! இரண்டாம் பாகம் எழுதட்டுமா?" என்றது. போனை அணைத்துவிட்டேன்.

எங்கள் பிரிவு அதிகாரியும் மலர்க் குழுத் தலைவருமான பக்தவத்சலம் சார், வெள்ளிக்கிழமை நேரில் வந்து விளக்கம் தரச் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கையில் வேலை போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை. யார் கேட்டாலும், ஞாயிறன்று நான் காய்ச்சலோடு உங்கள் வீட்டில் படுத்திருந்ததாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
மூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பக்தவத்சலம் சாரே என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். "மூர்த்தி, பஸ் ஸ்டாப்புல மொத ஆளா போய் நின்னவன் நான். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். விளக்கமெல்லாம் வேணாம். மலர்ல மொத பக்கம் உங்க கவிதைதான்" என்றார். ஆகவே எனக்குக் காய்ச்சல் இல்லை. மேலே "எந்திரம் எழுதியது" என்றிருக்கும் இடத்தையெல்லாம் "மூர்த்தி எழுதியது" என்று திருத்தி வாசிக்கவும்.