இட்வலின் இருட்டுக் கண்ணாடி

"காருக்குப் பின்னாடி இருந்த கேமரா எங்கய்யா?" என்று மனைவி நெஸ்டா கேட்டபோது, இட்வல் அதைத்தான் சமையலறை மேசையில் வைத்து, துப்பாக்கியின் தொலைநோக்கியோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நரி சாகுற வரைக்கும் எனக்கு இரவல் குடு."

"இரவல் கேக்குறவன் கழட்டறதுக்கு முன்னாடி கேப்பான்."

மூன்று குட்டி போட்ட செம்மறி ஒன்று புதன்கிழமை காலையில் இரண்டோடு நின்றது. அதுதான் விஷயம். வேல்ஸ் மலைச்சரிவில் குட்டி காணாமல் போனால் யாரும் யோசிப்பதில்லை, நரிதான். சுடலாம், ஆனால் இருட்டில் தெரிய வேண்டுமே. இருட்டில் பார்க்கும் கண்ணாடி பாலா ஊர்க் கடையில் இருந்தது. அதன் விலையைக் கேட்ட இட்வல், டேப் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். காரின் கேமரா, காரின் சின்னத் திரை, பழைய காவல் கேமராவிலிருந்து பிடுங்கிய, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் விளக்கு. இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா?

பொழுது சாய்ந்ததும் முதல் சோதனை. திரை முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெள்ளை. முற்றத்து விளக்குதான் காரணம் என்று கண்டுபிடித்து அதை அணைத்தான்.

அடுத்த நாள் படம் வந்தது, கொஞ்ச நேரத்தில் மங்கிப்போனது. நல்ல பேட்டரி வேண்டும். குட்டிகள் இருந்த பட்டியைச் சுற்றிய மின்வேலியில் ஒன்று இருந்தது.

"வேலியையே கழட்டறியா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"நரி உள்ள வந்தாத்தானே சுட முடியும்? வேலி இருந்தா எப்படி வரும்?"

நெஸ்டாவுக்கு அந்த வாதத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

காவல் நாய் மோட் மட்டும் சும்மா இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லப்பட்ட விளக்கு லேசாகச் சிவந்து மினுங்க, அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தது. அதைக் கொட்டகைக்குள் கட்டினான்.

ஞாயிறு காலை ஜெபக்கூடத்துக்குக் கிளம்பிய நெஸ்டா, காரைப் பின்னால் எடுத்து வாசல் தூணில் இடித்தாள். பின்கதவு உள்ளே போய், சக்கரம் நசுங்கி, வண்டி நகரவில்லை. அன்று இருவரும் ஜெபக்கூடம் போகவில்லை.

"துப்பாக்கிக்குக் கண்ணு வந்துருச்சு, எனக்குப் போயிருச்சு," என்றாள்.

இட்வலுக்கு அதைவிடப் பெரிய கவலை. சமையலறையில் வளர்ந்த தாயில்லாக் குட்டி சிவ்கர் கேமராவின் கம்பியைக் கடித்துவிட்டது. நெஸ்டா அடுப்போரம் படுக்க வைத்து, புட்டியில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்த குட்டி அது. அவள் போகுமிடமெல்லாம் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வரும். "ஒரு ராத்திரிதானே" என்று அவனே அதைத் தூக்கிப் பட்டியில் விட்டான்.

அன்று இரவு நரி வந்தது. திரையில் இரண்டு கண்கள் பளிச்சென்று மின்னின. கூடவே கார் நிறுத்த உதவும் மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு எல்லாம் தெரிந்தன. நரி திரையின் வலப்பக்கத்தில், மஞ்சள் கோட்டுக்குள் ஒழுங்காக வந்து நின்றது. இட்வல் துப்பாக்கியை மெல்ல வலப்பக்கம் திருப்பினான், நரி திரையைவிட்டே போய்விட்டது. மறுபடி வலப்பக்கம். வெறும் புல். பின்னால் பார்க்கும் கேமரா வலத்தை இடமாகக் காட்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் பட்டியில் ஒரு சின்னக் குரல் கத்தி, நின்றுபோனது.

விடிந்ததும் வேலியோரம் சிவ்கரின் ரோமம் கொஞ்சம் மட்டும் கிடந்தது. நெஸ்டா ஒரு வார்த்தை திட்டவில்லை. பால்புட்டியைக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. எந்த நரியும் அந்தக் குட்டியைத் தொட்டிருக்காது. முற்றத்து விளக்கு, வேலி, நாய் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் அவன் கையாலேயே அப்புறப்படுத்தியிருந்தான்.

பேட்டரியை வேலியில் பூட்டினான். மோட்டை அவிழ்த்துவிட்டான். அது அவனை நக்கியதுதான் இன்னும் வலித்தது.

"நெஸ்டா, முதல்ல போன குட்டியையாவது நரிதானே தின்னுச்சு. அந்தக் கோவத்துலதான் நான்..."

"தெரியும்யா. விடு," என்றாள் அவள். அழுது முடித்த குரல்.

அப்போது பக்கத்துப் பண்ணை மெரேரிட் அக்கா வாசலைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்ன தம்பி, நேத்து ஜெபக்கூடத்துல ரெண்டு பேரையும் காணோம்? அங்கேயே சொல்லிக்கலாம்னு இருந்தேன். புதன்கிழமை விடியக்காலம் என் ஆட்டுக்குக் குட்டி செத்துப் பொறந்துச்சு. உன் ஆட்டுக்குத்தான் மூணாச்சே, நம்ம பக்கத்து வழக்கப்படி ஒண்ணை எடுத்துட்டுப் போய், செத்த குட்டியோட தோலை அதுமேல போத்தி, என் ஆட்டுகிட்ட விட்டேன். தன் புள்ளைனே நெனச்சு என்னமா பால் குடுக்குது தெரியுமா, குட்டி கொழுகொழுன்னு இருக்கு, வந்து பாரேன்!"