ஜப்பான் துரைக்குப் பந்து எடுத்துக் கொடுத்தேன்

கெட்ட பழக்கம் உள்ளவனை அடித்தாவது திருத்திவிடலாம். நல்ல பழக்கம் உள்ளவனை ஒன்றுமே செய்ய முடியாது. நான் அந்த இரண்டாவது ரகம்.

என் நல்ல பழக்கம் பந்து பொறுக்குவது. ரந்தாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை டென்னிஸ் ஆடுவார். பந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் நான்தான். பந்து தரையில் கிடக்கக் கூடாது, சட்டையில் துடைக்க வேண்டும், குனிந்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். துரையே ஒருமுறை "குட்" என்றார். (அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த கூலி லயம் முழுக்க எத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்று கேட்காதீர்கள்.) பிறகு ஜப்பான்காரன் வந்தான், துரை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனார். பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

துரை பங்களாவில் ஒரு ஜப்பான் கேப்டன் வந்து உட்கார்ந்தார். அவர் ஊரில் பெரிய பந்து வீச்சாளராம். சண்டையில் தோளில் குண்டு பட்டு, கை தூக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தவர் மறுபடி வீசப் போகிறார் என்று சேதி வந்தது. சி ரூசா கடற்கரை முகாமிலிருந்து எதிரணி வருகிறது. தோட்டத்து ஜனம் மொத்தமும் வந்து கைதட்ட வேண்டும். வராதவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கோ வேறு கவலை. சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு மறுநாள் காலை வரும் லாரியில் என் அண்ணன் முத்துவும் ஏறியாக வேண்டும். அண்ணிக்கு நிறைமாதம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை வரும் என்பதால் அவர் காலில் விழுந்தோம்.

"இப்ப கேட்டா ரெண்டு அறைதான் கெடைக்கும் லா," என்றார் கிராணி. "ஆட்டத்துல ஜெயிச்சு அந்த ஆளு சிரிக்கட்டும். சிரிச்ச வாயி மூடுறதுக்குள்ள கேட்டுடறேன். சிரிக்கலைன்னா, முத்து, நீ பொட்டியக் கட்டிக்க."

"அந்த ஆளு சிரிச்சு யாராச்சும் பாத்திருக்கீங்களாய்யா?" என்றாள் அண்ணி.

"நான் துண்டத் தூக்கினா எல்லாரும் கைதட்டுங்க," என்று மட்டும் சொன்னார் கிராணி.

ஆட்டத்தின் பெயர் பேஸ்பால் என்பதே எனக்குப் பின்னால் தெரிந்ததுதான். திடலில் அங்கங்கே சாக்கு விரித்திருந்தார்கள். ஒருவர் வீச, ஒருவர் கட்டையால் அடிக்க, மற்றவர்கள் சாக்குக்குச் சாக்கு ஓடினார்கள். கேப்டன் முதல் பந்தை வீசினார். அது எங்கேயோ போனது. கிராணி பதறிப்போய்த் துண்டைத் தூக்க, நாங்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினோம். கேப்டன் திரும்பிப் பார்த்த பார்வையில் தட்டிய கைகள் அப்படியே ஒட்டிக்கொண்டன.

பிறகு மெல்ல மெல்லத் தோள் இடம் கொடுத்தது. பந்து விர்ரென்று போக, கட்டைக்காரர்கள் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். கேப்டனின் முகம் இளகி வருவதை நாங்கள் ஆட்டத்தைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆள் வந்தான். சாக்குகளிலெல்லாம் எதிரணி ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள். இவனை மட்டும் வீழ்த்தினால் ஜெயம் என்று கிராணி கிசுகிசுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

கட்டைக்காரன் ஓங்கி அடித்தான். பந்து எல்லோரையும் தாண்டிப் புல்லில் உருண்டு, ரப்பர் பால்மரத்தோரம் நின்ற என் காலடிக்கே வந்து சேர்ந்தது.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. கால்தான் யோசித்தது. பாய்ந்து எடுத்தேன். கேப்டன் அணிச் சிப்பாய் ஒருவன் பந்துக்காகக் கத்திக்கொண்டே ஓடிவந்தான். (துரைக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இவன் வேறு போட்டியா என்று எனக்கு ஒரே எரிச்சல்.) அவனுக்கு டேக்கா கொடுத்துவிட்டு, பந்தைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, நடுத்திடலுக்குப் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் கேப்டனிடம் நீட்டினேன். "குட்" வரும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் எதிரணி ஆட்கள் எல்லோரும் ஓடி முடித்து ஜெயித்திருந்தார்கள்.

வந்தது அறை. காதுக்குள் ஒரு ரயிலே ஓடியது. கேப்டன் வாளின் பிடியில் கை வைத்தார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் திடலுக்குள் ஓடிவந்து என் பக்கத்தில் மண்டியிட்டான்.

"டேய் பாவி, ஏன்டா தொட்ட?" என்றான்.

கேப்டன் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எதிரணியைப் பார்த்து ஏதோ உறுமினார். வெளியாள் தொட்ட பந்து செல்லாதாம். ஓடியவர்கள் எல்லாம் பழைய இடத்துக்கே போக வேண்டுமாம். கிராணி சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது. ஆட்டத்தின் சட்டப்படி அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாள் அவரிடம் இருந்தது.

மறுபடி வீசினார். கட்டை காற்றை அடித்தது. கேப்டன் சிரித்தார்.

எல்லோரும் கிராணியைப் பார்த்தோம். கிராணியின் வாய் திறந்திருந்தது, சொல்தான் வரவில்லை. கேப்டனின் சிரிப்போ சுருங்கத் தொடங்கியது. அண்ணி எழுந்து கிராணியின் முதுகில் ஒரு குத்து விட்டாள் பாருங்கள், ஜப்பான் பாஷை பொலபொலவென்று கொட்டியது.

கேப்டன் அண்ணனைப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தோடு நின்ற என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"நீ இவன் தம்பிதானான்னு கேக்கறாரு," என்றார் கிராணி.

தலையாட்டினேன். கேப்டன் மறுபடி சிரித்தார், இந்த முறை வாய்விட்டு. அண்ணன் போக வேண்டாம் என்று கையை வீசினார். ஆனால் அதன்பிறகு அவர் ஆடும் நாளெல்லாம் என்னை ஒரு பால்மரத்தில் கட்டிவைத்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும்.

மறுநாள் லாரி வந்தது. தலை குறையக் கூடாது என்று, அண்ணன் இடத்தில் பக்கத்து லயத்து மாணிக்கத்தை ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறோம்; மாணிக்கம் வரும் இடத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

இன்றும் கல்யாண வீட்டில் ஓர் எலுமிச்சம்பழம் கைதவறி உருண்டால் போதும், சொந்தபந்தம் எல்லாம் என்னைப் பார்த்து "தொடாதே!" என்று கூவும். அண்ணன்தான் அவர்களை அடக்குவான்.

"விடுங்க லா, அவன் எடுக்கட்டும்."

நானும் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டுவேன்.

"குட்," என்பான் அண்ணன்.